குறையாத ஆயில் கப்பு

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றாலே எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல்கிறேன். எல்லோரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் பொறாமைக்காரன் என்பார்கள். பொறாமைக்காரன்தான், இப்போது என்ன? அதை நானே சொல்லிவிட்டால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் சொல்லும் வேலை மிச்சம்.

நான் பம்பு தொழிற்சாலையில் லேத் மெஷினுக்கு முன்னால் முப்பத்திரண்டு வருஷம் நின்றவன். அவன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், என்னைவிட ஏழு வயது இளையவன், மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அவன் கம்பவுண்டர்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பத்தொன்பது வயதில் அந்த ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கப் போனவன் அவன். ஒரு மழை நாளில், கன்று உள்ளே மடங்கி மாட்டிக்கொள்ள, மாடு நின்ற இடத்திலேயே கத்திக்கொண்டிருந்திருக்கிறது. டாக்டர் வந்து சேரவில்லை. இவன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டையைக் கழற்றிப் போட்டு, தோள்வரை சோப்பைத் தேய்த்துக்கொண்டு கையை உள்ளே விட்டானாம். கண்ணை மூடிக்கொண்டு மடங்கியிருந்த முன்காலைத் தேடி, நிமிர்த்தி, கன்றை வெளியே எடுத்துவிட்டானாம். டாக்டர் குடையை மடக்கியபடி உள்ளே நுழையும்போது கன்று எழுந்து நிற்கப் பார்த்துக்கொண்டிருந்ததாம். மறுநாளிலிருந்து துடைப்பம் வேறு ஆளிடம் போய்விட்டது. இந்தக் கதையை என் மனைவி என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் குறைந்தது நாற்பது தடவை சொல்லியிருக்கிறாள். நான் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகாமல் கடைந்த கதைகள் எத்தனையோ உண்டு. அதை அவள் ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை.

அவனுடைய டாக்டர் ஒரு பயந்தாங்கொள்ளி. மாடு காதை ஆட்டினாலே மேஜைக்குப் பின்னால் போய்விடுவார். வேலை முழுக்க இவன் செய்வான், பாராட்டு முழுக்க அவருக்குப் போகும். ஒரு வருஷம் டாக்டருக்குச் சிறந்த சேவை என்று மாலை போட்டு, பட்டயம் கொடுத்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டியது யார் தெரியுமா? இவன்தான்.

“உனக்குச் சூடு சுரணையே கிடையாதாடா?” என்று கேட்டேன்.

“எதுக்குண்ணே? மாடு பிழைச்சுதா இல்லையா? அது போதுமே.”

இப்படிப் பேசுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள். சண்டை போட்டால்தானே ஒரு மனுஷன் ஜெயிக்க முடியும்.

இனி என் எஞ்சினைப் பற்றி. பதினோரு வருஷம், வீட்டின் பின் அறையில், சனி ஞாயிறு பார்க்காமல் செய்தது. நிஜ நீராவி எஞ்சின், அளவில் மட்டும் குட்டி. ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. ஆனால் நிலக்கரி போட்டு, தண்ணீர் கொதித்து, நீராவி ஏறினால், பின்னால் மூன்று பெட்டிகளில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து இழுக்கும். கொதிகலன், சக்கரம், விசில், எல்லாம் என் கை வேலை. படுக்கையில் இரும்புத் தூள் குத்துகிறது என்று மனைவி திட்டிய ராத்திரிகளுக்கு மட்டும் கணக்கில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற பூங்காவில் இந்த மாதிரி வண்டிகளுக்கென்றே வட்டமாகப் பாதை போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே கொண்டுபோய் ஓட்டினால் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்.

எஞ்சினில் எல்லாம் சரியாக வந்தது, ஒன்றைத் தவிர. மூன்று அச்சு, அச்சுக்கு இரண்டு என்று ஆறு பேரிங். ஒவ்வொன்றுக்கும் ஓடும் நாளில் எண்ணெய் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து பிடித்துக்கொள்ளும். முன்னால் இரண்டும் பின்னால் இரண்டும் பரவாயில்லை, குனிந்தால் எட்டும். நடு அச்சு இருக்கிறதே, அதுதான் வில்லன். மேலே சாம்பல் தட்டு, முன்னால் வால்வை ஆட்டும் தண்டுகள், பக்கத்தில் சக்கரம். சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சந்து வழியாக முழங்கை வரை கையை நுழைத்து, மணிக்கட்டை மேல்பக்கம் திருப்பி, பட்டாணி அளவு துளையைக் கண்ணால் பார்க்காமலே கண்டுபிடிக்க வேண்டும். எஞ்சினைக் கவிழ்த்தால் சுலபம். ஆனால் இருநூறு கிலோவை வாராவாரம் யார் கவிழ்ப்பது? எஞ்சின் செய்யும்போது இதை யோசிக்கவில்லையா என்று கேட்காதீர்கள். அது எனக்குப் பிடிக்காத கேள்வி.

முதல்முறையாகப் பூங்காவில் ஓட்டிய நாள். நெருப்புப் போடுவதற்கு முன் எண்ணெய் போடலாம் என்று கையை நுழைத்தேன். போன கை வரவில்லை. என் கை லேத்துக்காரன் கை, தடியான மணிக்கட்டு, விரல் ஒவ்வொன்றும் மெழுகுவர்த்தி மொத்தம். இழுக்க இழுக்க வீங்கியது. சுற்றிலும் கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் எஞ்சினை அறுக்கச் சொன்னான், இன்னொருவன் கையை என்றான். அசடு வழிய, தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறேன். அப்போதுதான் கம்பவுண்டர் பெண்டாட்டியோடு வேடிக்கை பார்க்க வந்து சேர்ந்தான். வரச் சொல்லி அழைத்ததும் நான்தான், என் பெருமையைக் காட்டுவதற்காக.

“இழுக்காதீங்கண்ணே. முக்காதீங்க. மூச்ச மெதுவா விடுங்க” என்று பக்கத்தில் படுத்துக்கொண்டான். எண்ணெயை என் முழங்கையில் ஊற்றி, தன் கையை என் கையோடு ஒட்டி உள்ளே விட்டு, என் கட்டை விரலை மடக்கி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். கை வெளியே வந்துவிட்டது. “அவ்வளவுதான். கன்னுக்குட்டி எடுக்கற மாதிரிதான்” என்றான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. என் மனைவி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். “எங்கண்ணே எண்ணெய் போடணும்?” என்று கேட்டு, அவனே கையை விட்டு, கண்ணை மூடி, ஒரே நிமிஷத்தில் அந்தத் துளையைக் கண்டுபிடித்துவிட்டான். மறுவாரம் ஆஸ்பத்திரியில் கழித்துப்போட்ட பெரிய மாட்டு சிரிஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்தான். சாண் நீள ஊசி. ஒரு கை உள்ளே துளையைத் தொட்டுக்கொண்டிருக்க, இன்னொரு கை வெளியிலிருந்து ஊசியை நீட்ட, ஒரு சொட்டு கீழே சிந்தாமல் எண்ணெய் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டின. அன்றிலிருந்து பூங்காவில் அவன் ‘ஊசி மாமா’. “ஊசி மாமா வந்துட்டாரு, இனிமே ரயில் ஓடும்” என்று ஒரு குட்டிப் பெண் அவள் அப்பாவிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். பதினோரு வருஷம் செய்தவன் நான். ஒரு நிமிஷம் குத்தியவன் அவன். ரயில் ஓடுவது அவனால்!

இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் சாக்கை விரித்துப் படுப்பான், கண்ணை மூடுவான். என் மனைவி, “தங்கச்சி மாப்பிள்ளை கை பட்டா மாடும் அடங்குது, மெஷினும் அடங்குது” என்பாள். எனக்குக் காதில் புகை வரும்.

பிறகு ஒரு நாள் வழி கிடைத்தது. எஞ்சினின் மேல்தட்டில் ஆறு சின்ன பித்தளைக் கப்புகள். ஒவ்வொன்றிலிருந்தும் மெல்லிய செப்புக் குழாய் வளைந்து வளைந்து இறங்கி நேராக ஒரு பேரிங்கின் துளைக்குள் போகும். மேலே நின்றபடி கப்பில் எண்ணெய் ஊற்றினால் போதும், தானே சொட்டுச் சொட்டாக இறங்கும். யாரும் படுக்க வேண்டாம், கண்ணை மூட வேண்டாம், ஊசி வேண்டாம், மாமா வேண்டாம். மூன்று மாதம் எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டுச் செய்தேன். குழாய்க்குள் பெயிண்ட் போய்விடக் கூடாது என்று, வர்ணம் அடிக்கும்முன் ஆறு குழாயின் கீழ் வாயிலும் ஆறு தீக்குச்சித் துண்டு சொருகினேன். வர்ணம் காய்ந்ததும் பிடுங்கிவிட்டுப் பூட்டினேன்.

கப்புகளைப் பார்த்ததும் கம்பவுண்டர் முகம் மலர்ந்தது. “அடேங்கப்பா! இனிமே எனக்கு வேலையே இல்லையாண்ணே?” என்றான். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்! நக்கல் செய்கிறான் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வண்டி நின்றதும் மூடிகளைத் திறந்து பார்த்தேன். ஐந்து கப்பு காலி. நடு அச்சின் இடது கப்பு மட்டும் ஊற்றியது ஊற்றியபடி விளிம்புவரை நின்றது. இங்கேதான் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். வேறு யாராக இருந்தாலும் அடைப்பு என்று சந்தேகப்பட்டிருப்பான். நான் லேத்துக்காரன் ஆயிற்றே! அந்த ஒரு பேரிங்கை அவ்வளவு இறுக்கமாக, அவ்வளவு சுத்தமாகக் கடைந்திருக்கிறேன், எண்ணெய் ஒழுக இடமே இல்லை, உள்ளே போனது உள்ளேயே நிற்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். பூங்காவில் வருகிறவன் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினேன். “பாத்தீங்களா? ஒரு சொட்டு குறையல. வேலைன்னா இதுதான் வேலை.” அந்தக் கப்பை மட்டும் தினமும் துணியால் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

மறுவாரம் கம்பவுண்டர் எஞ்சினுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்துவிட்டு விரலை வெளிச்சத்தில் பிடித்தான். “அண்ணே, இந்த நடுவுல ஒண்ணு...” என்று ஆரம்பித்தான்.

“என்ன ஒண்ணு?”

என் முகத்தைப் பார்த்தான். “ஒண்ணுமில்லண்ணே” என்றான்.

அதற்குப் பிறகு பதினாலு மாதம் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம். எஞ்சின் ஓடியது, கப்பு குறையவில்லை, ஊசியும் வெளியே வரவில்லை. இதற்கெல்லாம் மேலே, மனைவி மாறிப்போனாள். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு, டிக்கெட் கொடுக்கும் அறைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு இருக்கிறது, அங்கே ஃபிளாஸ்க்கில் தேநீரோடு என்னைக் கூப்பிட்டு உட்காரவைப்பாள். தொழிற்சாலையில் என்ன நடந்தது, எங்கள் ஃபோர்மேன் இப்போது எப்படி என்று கேட்பாள். அவள் கேட்டுக் கேட்டு நான் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். முப்பது வருஷத்துக்கு அப்புறம் இவளுக்கு என் அருமை தெரிந்துவிட்டது, கம்பவுண்டர் புராணம் ஓய்ந்தது என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோனேன்.

இந்த வருஷம் பூங்காவுக்கு ஒரு மேலாளர் அம்மா புதிதாக வந்தார். வந்ததும் சட்டம் போட்டார். கண்ட வண்டியும் கண்டபடி ஓடக் கூடாது. பரீட்சை உண்டு. காலை பத்து முதல் மாலை நாலு வரை, முழு ஆட்களோடு, ரிப்பேர் இல்லாமல் ஓட வேண்டும். தேறினால் வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைப் பாதை அந்த வண்டிக்குத்தான். செய்து ஓட்டுகிறவர் பெயர் எழுதிய பலகை டிக்கெட் ஜன்னலுக்கு மேலே தொங்கும். பலகை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அதில் என் பெயர் மட்டும் இருக்க வேண்டும். ஊசி மாமாவின் நிழல்கூட விழக் கூடாது. அந்தப் பதினோரு வருஷத்துக்கு நான் கேட்டது அது ஒன்றுதான்.

பரீட்சைக்கு இரண்டு ஞாயிறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அன்று நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி முகாம், கம்பவுண்டரால் நகர முடியாது. தெரிந்துதான் செய்தேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை. “அன்னிக்கு அவருக்கு முகாம் இருக்கே?”

“இருந்தா இருக்கட்டும். எஞ்சின் என்னுதா, அவனுதா?”

“முதல் ஞாயிறே வெச்சுக்கக் கூடாதா?”

“ஏன், அவன் வந்து விசில் ஊதணுமா?” என்றேன். அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய் யாருக்கோ போன் செய்தாள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மாலை, பூங்காக் கொட்டகையில் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் வந்து கதவருகே நின்றான். தோளில் ஒரு பழைய பை. பைக்குள் என்ன, அந்த மாட்டு சிரிஞ்ச்தான்.

“நாளைக்கு நான் வர முடியாதுண்ணே. அதான் ஒரு தடவ எஞ்சினப் பாத்துட்டுப் போலாம்னு...”

“பரீட்சைக்கு முன்னாடி வெளி ஆள் யாரும் கை வைக்கக் கூடாது” என்றேன். அப்படி ஒரு சட்டமே இல்லை.

“அஞ்சு நிமிஷம்ண்ணே. அந்த நடு கப்பு இருக்கில்ல, அதுல...”

“ஆறுலயும் நல்ல கப்பு அதுதான். உன் வேலை எதுவோ அதப் பாரு. போய் நாய்க்கு ஊசி போடு.”

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். “சரிண்ணே” என்றான். நான் கதவைச் சாத்தினேன். சாத்தும்போது மனசு குறுகுறுத்தது. ஆனால் பலகையை நினைத்ததும் அது அடங்கிவிட்டது.

மறுநாள் மனைவி தேநீர் கொண்டுவரவில்லை. தன் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை வீட்டுக்காரர் இல்லை என்ற கோபம்போல என்று விட்டுவிட்டேன். பத்து மணிக்கு விசில் ஊதினேன். மேலாளர் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பன்னிரண்டு பேர், முழு பாரம். முதல் இரண்டு மணி நேரம் எஞ்சின் பூ மாதிரி ஓடியது. வளைவில் திரும்பும்போதெல்லாம் டிக்கெட் ஜன்னலுக்கு மேலே இருந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டரை மணிவாக்கில் எங்கோ கதவுக் கீல் முனகுவது போல ஒரு சத்தம். பின்பெட்டிச் சக்கரமாக இருக்கும் என்று நினைத்தேன். எஞ்சினாக இருக்கும் என்று நினைக்க மனசு வரவில்லை. இன்னும் நாலு சுற்றில் முனகல் கிறீச்சிடலாக மாறியது. பெயிண்ட் கருகும் வாசனை வந்தது. அடுத்த வளைவில் நடுச் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து நீலப்புகை எழுந்தது, எஞ்சின் ஒரு உதறு உதறி அப்படியே நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை முழுக்கத் திறந்தும் அது அசையவில்லை.

இறங்கிப்போய் நடு அச்சைத் தொட்டேன். விரல் பொசுங்கியது. கப்பைத் திறந்தேன். விளிம்புவரை எண்ணெய் அசையாமல் நின்றது.

மேலாளர் அம்மா குறிப்பேட்டோடு வந்தார். “என்ன சார் ஆச்சு?”

கேட்கிறார் அல்லவா, “தெரியவில்லை அம்மா” என்று சொல்லியிருக்கலாம். என் வாய் இருக்கிறதே! “என் சகலை ஒருத்தன் இருக்கான். முன்னாடி சிரிஞ்ச வெச்சு உள்ள குத்திக்கிட்டே இருப்பான். அவன்தான் எதையோ கெடுத்து வெச்சிருக்கணும்” என்றேன்.

“வாய மூடுங்க.”

சொன்னது என் மனைவி. அத்தனை பேர் நடுவில். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

“அந்தக் கப்புலேருந்து ஒரு நாளும் எண்ணெய் இறங்கினதே இல்ல. முதல் வாரமே அவரு கண்டுபிடிச்சுட்டாரு. உங்ககிட்ட சொல்ல மூணு தடவ வந்தாரு, நீங்க சொல்ல விட்டாத்தானே? பதினாலு மாசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்க இல்லாத நேரமா பாத்து, அந்த ஒரு பேரிங்குக்கு மட்டும் சக்கரத்து இடுக்கு வழியா ஊசியால எண்ணெய் போட்டுட்டு, சாக்கையும் சுருட்டி வெச்சுட்டுப் போயிடுவாரு.”

“நான் இல்லாத நேரமா? ஞாயித்துக்கிழமை நான் எப்ப இங்க இல்லாம...” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

“கால் மணி நேரம் வேணும்னு கேட்டாரு” என்றாள் அவள், குரல் இறங்கிப்போய். “அதுக்குத்தான் தேநீர்.”

மேலாளர் அம்மா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டார். ஒரு மாதம் கழித்து மறுபரீட்சை, அதுவரை வண்டி ஓடக் கூடாது என்றார். எஞ்சின் நின்றுபோனது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த ஃபோர்மேன் கதைகளையெல்லாம் நினைத்தபோதுதான் தரையில் புதைந்துவிடலாம்போல இருந்தது.

சூடு தணிந்ததும் நாலு பேர் சேர்ந்து எஞ்சினைக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டுபோய்ச் சங்கிலி போட்டுக் கவிழ்த்தோம். எல்லோரையும் அனுப்பிவிட்டு நடு இடது குழாயைக் கழற்றினேன். ஊதினேன், காற்று போகவில்லை. கீழ் வாயைச் சுரண்டினால், கறுப்புப் பெயிண்டுக்குள் வெள்ளையாக மரம் தெரிந்தது. தீக்குச்சித் துண்டு. ஆறு சொருகியவன் ஐந்தைத்தான் பிடுங்கியிருக்கிறேன்.

ஐந்து மணிக்குக் கம்பவுண்டர் வந்தான். சட்டையில் நாய் முடி, புறங்கையில் நீளமாக ஒரு பிறாண்டல், அதன்மேல் மஞ்சள் மருந்து. கவிழ்ந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தான், என் கையிலிருந்த குச்சியைப் பார்த்தான். “குச்சியா! நான் ஏதோ குழாய் நசுங்கியிருக்குன்னுல்ல நெனச்சேன்” என்றான்.

“ஏண்டா அடிச்சுச் சொல்லல?”

“எப்படிண்ணே சொல்றது? நீங்க அந்தக் கப்பத் தொடச்சுத் தொடச்சு எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தீங்க.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. இதிலும் அவன்தான் ஜெயித்திருக்கிறான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆனாலும் ஒரு மனுஷனாக நடந்துகொள்ள வேண்டும் என்று சொன்னேன்: “மறுபரீட்சைக்கு நீயே வா. எல்லாருக்கும் முன்னாடி எண்ணெய் போடு. பலகையில உன் பேரையும் சேர்த்து எழுதச் சொல்றேன்.”

அதைச் சொல்ல நான் என்ன பாடு பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். அவன் தலையைச் சொறிந்தான்.

“வேண்டாம்ண்ணே. தப்பா நினைக்காதீங்க. எனக்கு இந்த எஞ்சின் மேலெல்லாம் அவ்வளவு இஷ்டம் கிடையாது.”

“என்னது?”

“வாரம் முழுக்க மாடு, ஆடு, நாய். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் தூங்கணும்ண்ணே எனக்கு. அன்னிக்குக் குழாய் போட்டீங்க பாருங்க, நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? மறுவாரம் பாத்தா இந்த ஒண்ணு காஞ்சு கெடக்கு. சரி, விதின்னு வந்தேன்.”

“அப்புறம் எதுக்குடா இத்தனை வருஷம் வந்தே?”

“அக்காவும் தங்கச்சியும் வாரத்துல ஒரு நாளாவது ஒண்ணா உக்காந்து பேசட்டும்னுதான். அப்புறம் நீங்களும் பதினோரு வருஷம் உழைச்சிருக்கீங்க, நின்னுபோனா பாவம் இல்லையா?” சற்று நிறுத்தி, சிரித்துக்கொண்டே சொன்னான்: “நான் கைய உள்ள விடும்போதெல்லாம் உங்க மூஞ்சி மாறும்ண்ணே. எனக்குத் தெரியாதா? உதைக்கப் போகுதான்னு மாட்டு மூஞ்சியப் பாத்துட்டுத்தானே நாங்க கைய விடுவோம்.”

நாலு வருஷமாக நான் யாரோடு ஓட்டப் பந்தயம் ஓடினேனோ, அவன் பந்தயத்துக்கே வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருக்கிறான். அவனுக்குக் கிடைத்த அந்தக் கைதட்டல் எனக்கு உயிர், அவனுக்கு அது ஒரு தொல்லை. இதைவிட என்னை யாரும் கேவலப்படுத்த முடியாது.

அந்த ஒரு மாதத்தில் பேரிங்கைப் புதிதாகக் கடைந்தேன். ஆறு குழாயையும் கழற்றி ஆறு தடவை ஊதிப் பார்த்துப் பூட்டினேன். மறுபரீட்சையில் பத்து முதல் நாலு வரை எஞ்சின் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. ஆறு கப்பிலும் எண்ணெய் குறைந்தது, நடு இடதிலும் குறைந்தது. மேலாளர் அம்மா கை குலுக்கினார். மறுவாரம் பலகை மாட்டிவிட்டார்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கேட்டது கேட்டபடி.

ஊசி மாமா எங்கே என்று பிள்ளைகள் இரண்டு வாரம் கேட்டார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். என் மனைவி ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு வருவதில்லை. காலையிலேயே தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறாள். மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டே அறை, ஃபினாயில் வாசனை. அங்கே அப்படி என்ன இருக்கிறதோ!

போன ஞாயிறு மதியம், பெட்டிகளில் ஆள் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்குப் போன் செய்தேன்.

“மெதுவா பேசுங்க. அவரு தூங்கறாரு” என்றாள்.

மதியம் மூன்று மணிக்குத் தூக்கம்! எனக்கு அந்தத் தூக்கத்தின்மேல் வந்த பொறாமை இருக்கிறதே, அவன் கையின்மேல்கூட அவ்வளவு வந்ததில்லை. பின்னால் அவள் தங்கை ஏதோ கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

“என்ன சிரிப்பு?” என்றேன்.

“ஒண்ணுமில்ல” என்றாள். “நீங்க வண்டிய ஓட்டுங்க.”

பன்னிரண்டு பேர் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.